ஆக்டோபஸின் மூன்றாவது இதயம்

இணையத்தில் பார்ப்பதைப் புத்தகத்தோடு ஒப்பிட மாணவர்களைப் பழக்கத்தான், 'ஆக்டோபஸுக்கு இதயம் இரண்டு' என்று பள்ளி இணையப் பக்கத்தில் ஆசிரியரே ஒரு பொய்யை எழுதி வைத்தார். இப்போது முழு வகுப்பும் அதே பொய்யை விடைத்தாளில் அழகான கையெழுத்தில் எழுதி நீட்டுகிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட அந்த மனிதர், ஒரு பிள்ளையாவது சந்தேகப்பட்டிருக்காதா என்று நூலகத்தில் மேசை மேசையாகத் தேடுகிறார். ஜன்னல் வெயில் விழும் கலைக்களஞ்சியத்தில், 'மூன்று' என்ற சொல்லின் மேலேயே ஒரு மாணவியின் விரல் இருக்கிறது. அவளுடைய தாளிலோ இரண்டு. "புத்தகத்தைப் பாத்தியாம்மா?" "பாத்தேன் சார்." "அப்புறம் ஏன் தாயே இப்படி எழுதின?" மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "அந்தப் பக்கத்த எழுதினது நீங்கன்னு தெரியும் சார். மார்க் போடப் போறதும் நீங்கதானே?"