தலை காட்டாத வகை

“வீட்டுல ஒரு அலமாரி நிறைய டரான்டுலா இருக்கு. அதுல இல்லாத அபூர்வமான சிலந்தியாப் பார்த்துக் கொடுங்க” என்றார் வந்தவர்.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். கண்ணாடிப் பெட்டியொன்றைத் தூக்கி வந்தார். உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக மின்னியது சிலந்தி. “ராஜா மாதிரி நடுவுலயே உட்கார்ந்திருக்கும், சார்!”

“வேண்டாம்.”

“மரக்கிளையில வலை பின்னுற வகை இருக்கு. நாள் பூரா வேடிக்கை பார்க்கலாம்.”

“ஐயையோ! கண்ணுலயே படாத வகை ஏதாவது இருக்கா?”

கடைக்காரர் அசந்து போனார். மண் நிரம்பிய பெட்டியொன்றைக் காட்டினார். சிலந்தியைக் காணோம், ஒரு குழி மட்டும் தெரிந்தது. “இது பகல்ல தலையே காட்டாது. விஷயம் தெரிஞ்சவங்கதான் இதைக் கேட்பாங்க. நீங்க பழம் தின்னு கொட்டை போட்டவர், சார்!”

பழம் தின்று கொட்டை போட்டவர் பெட்டியைத் தொடவேயில்லை. “நீங்களே கார் டிக்கியில வச்சிடுங்க” என்று நாலடி தள்ளி நின்றார்.

வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து பார்த்த அவர் மனைவி துள்ளிக் குதித்தாள். “என் பிறந்தநாளுக்கா? என் கலெக்‌ஷன்ல இது ஒண்ணுதாங்க குறை! சிலந்தின்னாலே அலறுற மனுஷன், எப்படித் தேடிப் பிடிச்சீங்க?”

“எல்லாம் உனக்காகத்தான்” என்றார் அவர், ரொம்பப் பெருந்தன்மையாக.

“ஆனா இதை ஹால் அலமாரியில வைக்க முடியாதே. விளக்கை அணைச்சு, சத்தமெல்லாம் அடங்கின பிறகுதான் இது வெளிய வந்து உலாத்தும்” என்றவள், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தாள்.

“உங்க தலைமாட்டு மேஜைதான் இதுக்குத் தோதான இடம்!”