வண்ணக்கர் போட்ட வலை

பனிச்சங்கேணி வாவிக்கரையில் விடியக்காலையிலேயே கமராவோடு குந்தியிருந்த கலாஜினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, கண்ணகை அம்மன் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யோகராசாவேதான்!

"அம்மன் சடங்கு முடியிற வரைக்கும் ஆரும் வலை போடப்படாது. இது ஊர்க்கட்டு!" என்று கோயில் ஒலிபெருக்கியில் ஊரையே அதட்டிய அதே மனுசன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கலாஜினியின் அப்பாவும் வலையைச் சுருட்டி வைத்தார். வீட்டில் ஒரு கிழமையாகக் கத்தரிக்காயும் பருப்பும்தான்.

'படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயிலோ? இரும் உமக்கு!'

கொக்குக்காகக் காத்திருந்தவள் கமராவை அவர் பக்கம் திருப்பினாள். பாவம், இப்போதுதான் படம் எடுக்கப் பழகுகிறாள். நேற்று இதே கரையில் சேற்றில் வழுக்கி, கமராவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, அதை நிறுத்தி வைக்கிற முக்காலியை வாவிக்குப் பறிகொடுத்தவள். அதுவும் அண்ணனிடம் இரவல் வாங்கியது. அது இல்லாமல் எடுத்த படங்களெல்லாம் கை ஆடிக் கலங்கிப்போயின. மாவட்டப் புகைப்படப் போட்டிக்கோ இன்றுதான் கடைசி நாள்.

ஆனால் கோபம் வந்தால் கை ஆடாதோ என்னவோ! சூரியன் எழும்ப, வலை வட்டமாக விரிய, வண்ணக்கரின் முகம் பளிச்சென்று விழ... க்ளிக். அம்மாடி! அப்படியொரு படம் அவள் எடுத்ததேயில்லை.

போட்டிக்கும் ஆச்சு, ஊர் வட்ஸ்அப் குழுவுக்கும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

"வண்ணக்கர் மாமா! மீன் நல்லாப் படுகுதோ?"

யோகராசா திடுக்கிட்டுத் திரும்பினார். "மெல்லக் கதை மகள்! ஆருக்கும் சொல்லிப்போடாத. வண்ணக்கர் பதவியே போயிரும்."

"ஊரெல்லாம் கத்தரிக்காய் தின்ன, உங்களுக்கு மட்டும் மீனோ?"

"மீனா? பட்டதையெல்லாம் திரும்பத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டன்." தோணியைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "நீ ராவு முழுக்க அழுதியாம் எண்டு உன்ட அம்மா சொன்னா. தண்ணிக்குள்ள சுழியோடித் தேடுவம் எண்டால் முதலைக்குப் பயம். வேற வழியில்ல, கண்ணகை அம்மாளிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வலையப் போட்டன்."

சேறு வழிய வழிய முக்காலியைத் தூக்கி நீட்டினார்.

கலாஜினியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னைப் படம் எடுத்த மாதிரி இரிந்திச்சே," என்று சிரித்தார் வண்ணக்கர். "வடிவா வந்திரிக்கா?"

அவள் அந்தப் படத்தைக் கடைசியாக ஒருதரம் பார்த்தாள். அழிக்கிற பொத்தானை அமத்தினாள்.

"எங்க மாமா! முக்காலி இல்லாமக் கை ஆடிட்டு. ஒண்டுமே சரிவரல்ல."