போட்டிக்கு வந்த சாமி

"வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

சாத்திய கதவுக்கு உள்ளே இருந்து மனைவியின் குரல் கொஞ்சலாகக் கேட்டது. வெளியே, பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நின்ற மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் குரலில் தன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பாளா?

உள்ளே எந்த ஆம்பளையும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டிருப்பான். உள்ளே இருந்தது சாமி.

"குழாயைச் சரி பண்ணிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க. சொட்டுச் சொட்டுன்னு உயிரை எடுத்துச்சு."

குழாயைச் சரி பண்ணியது மெக்கானிக். முந்தின நாள் அவள் வேண்டிக்கொண்டதை இதே இடத்தில் நின்று கேட்டுவிட்டு, சாமி முந்திக்கொள்வதற்குள் விடிந்தும் விடியாததுமாக வாஷரை மாற்றியிருந்தான். பேர் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மெக்கானிக்குக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று எரிந்துபோனதற்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டித் தருகிற கடை அவனுடையது. "எதையும் கழட்டிப் பாத்தா உள்ளே கம்பி இருக்கணும். கழட்டவே முடியாத ஒண்ணை நான் எப்படிங்க நம்பறது?" என்று ஃபேனைக் கொடுக்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து விளக்குவான். வீட்டுக்கு வந்தால் அந்த வாய்க்குப் பூட்டு. மனைவி எதைச் சொன்னாலும் தட்டில் கண்ணை வைத்தபடி ஒரு 'ம்' போடுவதோடு சரி.

அப்படிப்பட்ட வீட்டில்தான் கொஞ்ச நாளாக அவள் தினமும் காலையில் துணி மடிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தாள். படம் இல்லை, சிலை இல்லை, ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை.

"இது எந்த ஊர் பக்தி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"எனக்கு அந்த அலங்காரமெல்லாம் வேணாங்க. மனசுல இருக்கறதைச் சொன்னா காது குடுத்துக் கேக்கணும். அவர் கேக்கறார். என் நம்பிக்கை அவ்வளவுதான்."

பொறுக்க முடியாமல் பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் போய்ப் புலம்பினான். "என்கிட்ட இல்லாதது அப்படி என்னண்ணே அவர்கிட்ட இருக்கு?"

தையல்காரர் தினமும் கும்பிட்டுவிட்டே மெஷினில் கால் வைக்கிறவர். வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எதுத்த வீட்டுக்காரனைப் பாத்துப் பொறாமைப்படறவன் உண்டு. சாமியைப் பாத்துப் பொறாமைப்படறவன் நீ ஒருத்தன்தான்யா. அதுவும் நீயே இல்லைங்கிற சாமி!"

மெக்கானிக்கை வாட்டியதும் அதுதான். இல்லாதவனோடு எப்படி மல்லுக்கட்டுவது? ஆனாலும் விடவில்லை. ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்று உள்ளே வேண்டுதல் போனால், சாயங்காலத்துக்குள் புதுக் கொக்கி. எங்கேயாவது வெளியில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று போனால், ஞாயிற்றுக்கிழமை அவனே பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெஞ்சில் என்ன பேசுவதென்று தெரியாமல் மோட்டாரைப் பற்றிப் பேசினான். அதற்கும் மறுநாள் காலை கதவுக்கு உள்ளேதான் நன்றி.

போன வியாழக்கிழமை அவள் குரலில் கொஞ்சல் இல்லை.

"கழுத்துல ஒரு கட்டி தெரியுதுங்க. நாளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. தனியாப் போக பயமா இருக்கு. நீங்க கூட வரணும்."

மெக்கானிக்கின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. அன்றைக்கு அவன் கட்டின காயில் ஒன்றுகூட உருப்படவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றான். "நீ போற பக்கம்தான் எனக்கும் வேலை இருக்கு. வா, சேர்ந்தே போயிடுவோம்." எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயம் ஒரு பக்கம். அவளுடைய இன்னொரு கையை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் எரிச்சல் ஒரு பக்கம்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். "கடவுள் புண்ணியத்துல பயப்பட ஒண்ணுமில்லை. சாதாரணக் கட்டிதான், மாத்திரையிலேயே கரைஞ்சிடும்."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அந்த முதல் வார்த்தை உறைத்தது.

"இதுக்கும் அவருக்குத்தான் பேரா?" என்று வெடித்தான். "கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கழுத்துல கட்டின்னா என்கிட்ட வந்து அழ வேண்டியதுதானே? கண்ணுக்கே தெரியாத ஒருத்தர்கிட்டப் போய்ச் சொல்றே. அந்தச் சாமி மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

அவள் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

"எனக்கு ஏதுங்க சாமி? கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்னாத்தான் நீங்க வந்து நின்னு கேக்கறீங்க."