அறையில் நாலு பேர்

“அண்ணாச்சி, செக்-அவுட் போட்டா மூணு பேரு பேரு அழியுது, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துருது.”

குற்றாலம் லாட்ஜ் ரிசப்ஷனிலிருந்து ஜாய் ஸ்பீக்கர் போனில் கேட்டாள். தென்காசியிலிருந்த சாஃப்ட்வேர்காரர் பிரின்ஸுக்கு எரிச்சல்.

“நாலு பேரும் வெளியேறினாத்தான் கமிட் ஆகும்மா, பதிவு உறுதியாகும். ஒருத்தர் பாக்கின்னாலும் ரோல்பேக்தான், செஞ்சதெல்லாம் ரத்தாயிரும். முந்தி இருந்தது ஜர்னல்ங்கிற குறிப்பேட்டுல பதிவாகியிருக்கும்லா? அதை வச்சு ஃபைலைப் பழையபடி ஆக்கிரும். நீ ஸ்கிரீன்ல பாக்கது அந்த ஃபைலோட வியூ. அதுல நாலு பேரும் ரூம்ல இருக்க மாதிரியேதான் காட்டும்.”

“நாலாவது ஆளு போனுக்குப் போன செக்-அவுட் ஓடிபி கிடைக்கல.”

“அவனைக் கூப்பிட்டுக் கேளு. அருவியில ஆட்டம் போட்டுக்கிட்டுக் கிடப்பான்.”

கவுண்டர் முன் நின்ற மூன்று பேரையும் பார்த்துவிட்டு ஜாய் குரலைத் தாழ்த்தினாள்.

“காலேஜ் படிக்க பையன் அண்ணாச்சி. நேத்து அருவியில திடீர்னு வெள்ளம் வந்துட்டுல்லா? காலையிலதான் கிடைச்சான். ஆம்புலன்ஸ் வெளிய நிக்குது.”

பிரின்ஸ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, “அவன் பேரை நானே இங்கன இருந்து எடுத்துவிடுதேன்” என்றார்.

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட பையனின் அம்மா, கவுண்டரில் வைத்த அறைச் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“எடுக்க வேண்டாம்னு சொல்லும்மா. நாங்க நாலு பேரும் ரூம்லயே இருக்கோம்.”