முன்னாள் கணவரின் செருப்பு

“சீப்பை எடுத்தாச்சு, ஷேவிங் செட்டை எடுத்தாச்சு, சுவத்துல மாட்டியிருந்த உங்க மூஞ்சியையும் கழட்டியாச்சு. இன்னும் நீங்க மட்டும்தான் பாக்கி. கிளம்புங்க!” என்றாள் மனைவி.

“அப்பாவோட குறட்டை?” என்றாள் மகள். “அது இன்னும் ரூமுக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கும்மா.”

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரான அப்பா இருவரையும் ஒரு முறை முறைத்தார். பிறகு தம் இல்லற வாழ்க்கை முழுவதையும் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார்.

வேறு வழியில்லை. சட்டம் அப்படி. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தால் இருவர் சம்பாத்தியத்தையும் ஒன்றாகக் கூட்டுவார்கள். கூட்டினால் வரி ஏறும். மகளுக்குக் கல்லூரியில் முழுக் கட்டணம். அதைக் கட்டுவதற்கு, ஊரில் உள்ள எல்லா மூக்குகளுக்கும் அவர் இரண்டிரண்டு கண்ணாடி விற்க வேண்டும். அதுவே கணவன் பிரிந்துபோன குடும்பமென்றால் வரியும் குறைவு, கட்டணமும் கால் பங்குதான்.

ஆகவே போன வருடம் இருவரும் மிகுந்த அன்போடு விவாகரத்து செய்துகொண்டார்கள். ஒரே ஸ்கூட்டரில்தான் நீதிமன்றம் போனார்கள். “சேர்ந்து வாழ இன்னொரு தடவை முயற்சி செய்யக் கூடாதா?” என்று நீதிபதி கண்கலங்கக் கேட்டார். மேசைக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு, “முடியவே முடியாது” என்றார்கள் இருவரும். வரும் வழியில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

இன்று கடைசிக் கண்டம். கல்விச் சலுகை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைச் சோதித்து, ‘இங்கே கணவன் என்று எவனும் இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மகளுக்குக் கல்லூரி இல்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் பதுங்கப் போனபோது, “வாங்க, வாங்க. நிழல் இந்தப் பக்கம்” என்றது ஒரு குரல்.

பருத்த மனிதர் ஒருவர் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், ஒரு தலையணை, ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து ஷேவிங் பிரஷ் எட்டிப் பார்த்தது. இருநூறு வீடுள்ள குடியிருப்பு. யார் யாரென்று யாருக்குத் தெரியும்?

“நீங்களும்…?”

“முன்னாள்தான். மூணு வருஷ சர்வீஸ்” என்றார் பருத்தவர் அடக்கத்தோடு. “நீங்க புதுசா? குளியலறைக் கதவுக்குப் பின்னாடி பனியன் தொங்குதா?”

“எடுத்துட்டேன்.”

“ரெண்டு தலையணை?”

“ஒண்ணை மக ரூமுக்கு மாத்தியாச்சு.”

“பரவாயில்லையே! நல்லா முன்னுக்கு வருவீங்க” என்று டீ ஊற்றிக் கொடுத்தார். “பாருங்க சார், பணக்காரனுக்கு ஆடிட்டர் இருக்கார். ஏழைக்கு ஒளிக்க ஒண்ணுமே இல்லை. நடுவுல மாட்டிக்கிட்டவனுக்குத்தான் இந்தத் தண்ணித் தொட்டி.”

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாய் குடிப்பதற்குள் கைபேசி துடித்தது. மகளின் செய்தி: ‘ஆபத்து! கட்டிலுக்கடியில உங்க செருப்பு. அந்தம்மா கையில எடுத்துட்டாங்க. அம்மா பேந்தப் பேந்த முழிக்கறாங்க.’

“போச்சு! எல்லாம் போச்சு!”

“பதறாதீங்க. என்ன சைஸ்?”

“பதினொண்ணு.”

“ஐயையோ, அது செருப்பு இல்லை, படகு.” பருத்தவர் அரை நொடி யோசித்தார். “ராத்திரியில வாசல்ல போட்டு வைக்கற செருப்புன்னு சொல்லச் சொல்லுங்க. வீட்டுல ஆம்பளை இருக்கான்னு நினைச்சுத் திருடன் ஓடிடுவானாம்.”

அதை அப்படியே அனுப்பினார். பதில் வரும்வரை மூச்சை அனுப்பவில்லை, உள்ளேயே வைத்திருந்தார்.

‘சூப்பர்ப்பா! அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அவங்க வீட்டு வாசல்லயும் அப்படி ஒரு ஜோடி கிடக்காம்!’

“கில்லாடி சார் நீங்க!” என்று பருத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எல்லாம் அனுபவம்” என்றார் அவர், அடுத்த கோப்பையை ஊற்றியபடி.

கைபேசி மறுபடியும் துடித்தது. ‘கையெழுத்து இன்னும் போடலை. மொட்டைமாடியைப் பாத்துட்டுத்தான் போடுவாங்களாம். ஏறி வர்றாங்க! ஓடுங்க!’

எங்கே ஓடுவது? குதித்தால் ஐந்து மாடி. அப்புறம் அவர் நிஜமாகவே முன்னாள் கணவர் ஆகிவிடுவார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடுக்கில், வயிற்றை எக்கி, பக்கவாட்டில் தம்மைச் செருகிக்கொண்டார்.

பருத்தவரோ அசையவில்லை. நிதானமாகக் குறுக்கெழுத்துப் போட்டியைத் தொடர்ந்தார்.

“சார்! ஒளிஞ்சுக்குங்க சார்! என் பொண்ணு படிப்பு சார்!” என்று இடுக்கிலிருந்து காற்றாய்க் கெஞ்சினார் கண்ணாடிக்கடைக்காரர்.

கதவு கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் நேராகத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது. நின்றது. பருத்தவருக்கு எதிரிலேயே நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

தொட்டியின் மேல் காகிதம் வைக்கப்படும் ஓசை. பேனா பரபரவென்று ஓடும் ஓசை. அப்புறம் சலுகை அலுவலக அம்மாவின் குரல்:

“ஏங்க, எந்திரிங்க. நம்ம வீட்டுக்குச் சோதனைக்கு வந்த ஆபீசர் கிளம்பிட்டாராம். வாசல்ல கிடந்த செருப்பைப் பத்திக் கேட்டதுக்கு, திருடனுக்குப் பயந்துன்னு பெரியவ சமாளிச்சுட்டாளாம். மறக்காம உங்க ஷேவிங் செட்டை எடுத்துக்குங்க.”