இரண்டு நிமிட ஒலிப்பதிவு

"சண்டை நடக்கிற எல்லைக் கிராமத்துல பொறந்தவனாம். திருப்பி அனுப்பினா கொன்னுடுவாங்கன்னு அடைக்கலம் கேட்கிறான். நிஜமா, மேடம்?" அதிகாரி ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

பிரெஞ்சு டீச்சராகத் தொடங்கி, வட்டாரப் பேச்சு ஆராய்ச்சியில் பேராசிரியை ஆனவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

"பச்சைப் பொய். அதே நாட்டுக்காரிதான் நான். அந்தக் கிராமங்கள்ல மூணு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். அங்க யாரும் பிரெஞ்சை இப்படி இழுக்க மாட்டாங்க. என்னை மாதிரி தலைநகரத்துல வளர்ந்த வாய் இது!"

அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அதிகாரி ஒரு கடிதத்தை நீட்டினார். "ஆளை அனுப்பியாச்சு. விமானம் ஏறும்போது உங்ககிட்ட தரச் சொன்னான்."

பிரித்தார்.

'அறிக்கையில் உங்கள் பெயரைப் பார்த்தேன். உங்களைப் போலவே உச்சரிக்கும்வரை எங்கள் கிராமத்துப் பள்ளியில் என்னை நீங்கள் உட்காரவே விடவில்லையே, டீச்சர்!'