மாமனாரின் துவக்குக்கு ஒரு தாங்கி

ஏழு வருடமாகத் தான் சுட்ட மான் என்று பியர்பொன்ட்ஸ் ஊர் முழுக்க இறைச்சி பங்கிட்டுப் பெயரெடுத்தவர் குணரத்தினம். வேட்டைத் துவக்கைத் துடைக்க அவருக்கொரு தாங்கி வாங்கிக் கொடுக்க, மருமகன் பிரசாந் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டான்.

"பிளாஸ்டிக் ஆடும், தம்பி. மரம் கீறும். இரும்பு பாரம்." ஒவ்வொன்றுக்கும் மாமனார் ஒரு குறை சொன்னார்.

நான்காவது, ரப்பர் பிடி வைத்தது. அதில் குறை சொல்ல மாமனாருக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிரசாந்தே துவக்கை அதில் கிடத்தி, குழலுக்குள் கம்பியை விட்டான்.

"பேந்து பாப்பம், தம்பி!" என்று மாமனார் அவசரமாகத் தடுக்கப் பார்த்தார்.

மறுமுனையால் கரி வரவில்லை. சுருட்டிய காகிதமொன்று வந்து விழுந்தது. துவக்குக் கம்பனிக்காரன் அதில் அச்சடித்திருந்தான்: 'முதன்முறை சுடுமுன் இதை எடுத்துவிடவும்.'

மாமியார் ஞானாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அப்ப நாங்கள் திண்ட மானெல்லாம் மாரடைப்பிலையோ செத்தது?"